கொலை வழக்கில் வக்கீலுக்கு என்ன வேலை?

ஒரு கொலை வழக்கு நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஒரு வக்கீல் வாதாடுகிறார். வெளியில் நிற்பவர்கள் என்ன பேசுகிறார்கள்? "கொலைகாரனுக்குப் போய் வக்கீலா? காசு கொடுத்தால் எதையும் பேசுவார்கள்" என்கிறார்கள். நீங்களும் இப்படிப் பேசியிருக்கலாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போலீஸ் ஒருவரைப் பிடித்துவிட்டது. அதனாலேயே அவர் கொலைகாரர் ஆகிவிடுவாரா? இல்லை. அவர் குற்றம் சாட்டப்பட்டவர், அவ்வளவுதான். அவர்தான் கொலை செய்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும். அதில் நியாயமான சந்தேகம் இருந்தால் நீதிபதி அவரை விடுதலை செய்ய வேண்டும்.

அரசின் பக்கம் போலீஸ் இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். சட்டம் படித்த அரசு வக்கீல் இருக்கிறார். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு ஆள். அவரும் பல நேரம் சிறையில் இருப்பார். அவருக்குச் சட்டம் தெரியாது. அவருக்காகப் பேச ஒருவர் வேண்டாமா?

வக்கீல் தீர்ப்புச் சொல்பவர் அல்ல. "இவர் குற்றவாளி" என்று அவர் மனதுக்குப் பட்டாலும், அதற்காக வழக்கை மறுக்கக் கூடாது. வக்கீல்களுக்கான விதியே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவர் பொய்ச் சாட்சி தயார் செய்யக் கூடாது. அதுவும் விதிதான்.

இங்கிலாந்தில் கோர்ட்டில் வாதாடும் வக்கீலைப் பாரிஸ்டர் என்பார்கள். காந்தியடிகள் அங்கே படித்த பாரிஸ்டர்தான். இன்று நம் நாட்டில் எல்லோரும் வழக்கறிஞர்களே. மக்கள் வக்கீல் என்பார்கள்.

கொலை வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கும். அதற்கு முன்பே வக்கீலின் வேலை தொடங்கிவிடும். முதலில் சிறைக்குப் போய், குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்கிறார். நடந்ததைக் கேட்கிறார். அவர் சொல்வதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அதனால் வக்கீலிடம் பயமின்றிப் பேசலாம். நாள் எண்ணுவதும் வக்கீல் வேலைதான். கொலை வழக்கில் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை கொடுக்காவிட்டால், ஜாமீன் கேட்டு வாங்க உரிமை உண்டு.

குற்றப்பத்திரிகையின் நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். வக்கீல் அதை வரிவரியாகப் படிக்கிறார். புகார் எத்தனை மணிக்கு வந்தது? பிரேதப் பரிசோதனையில் டாக்டர் என்ன எழுதினார்? இரண்டும் பொருந்துகிறதா?

"குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று பேப்பரில் படிக்கிறோம். போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. அவர் சொன்னதை வைத்துக் கத்தி கிடைத்தால், கத்தி இருந்த இடத்தைப் பற்றிய பேச்சு மட்டும் செல்லும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை குறுக்கு விசாரணை. அரசுத் தரப்புச் சாட்சியை எதிர்ப்பக்க வக்கீல் கேள்வி கேட்பதுதான் அது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. உண்மையில் நடந்த கதை.

ஆண்டு 1858. நாடு அமெரிக்கா. ஓர் இளைஞர் மேல் கொலை வழக்கு. அவருடைய தாய் ஏழை. ஆபிரகாம் லிங்கன் என்ற வக்கீல் காசு வாங்காமல் வாதாடினார். பிறகு அந்த நாட்டின் ஜனாதிபதி ஆனாரே, அதே லிங்கன்தான். ஒரு சாட்சி வந்தார். "இரவு 11 மணி இருக்கும். நான் 150 அடி தூரத்தில் நின்றேன். இவர் அடித்ததைப் பார்த்தேன்" என்றார். இருட்டில் எப்படித் தெரிந்தது? "நல்ல நிலா வெளிச்சம்" என்றார் சாட்சி. லிங்கன் பொறுமையாகக் கேட்டார். அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பிறகு ஒரு பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். அந்த நேரம் நிலா மேற்கே இறங்கி மறையப் போகிறது என்று அதில் இருந்தது! இளைஞர் விடுதலை ஆனார்.

கேள்வி கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு வழக்கு உண்டு. அது நம் நாட்டு வழக்கு. 1997 டிசம்பரில் டில்லியில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. 4 பேர் இறந்தார்கள். போலீஸ் ஒருவரைப் பிடித்தது. அவர் வெளிநாட்டுக்காரர். வழக்கில் 65 சாட்சிகள். அதில் 56 பேர் சாட்சி சொன்னபோது அவர் பக்கம் வக்கீலே இல்லை. அவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. கீழ்க் கோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றமும் அது சரி என்றது.

2012ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. வக்கீல் வைத்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2013ல் அவர் விடுதலை ஆனார். அதற்குள் 14 ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. இறந்த 4 பேரின் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். குண்டு வைத்தது யார் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமே.

"வக்கீலுக்குப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் வைக்க வேண்டும். இது தர்மம் அல்ல, உரிமை. கேட்கத் தெரியாதவருக்கும் இந்த உரிமை உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் ஓர் அரசு ஊழியருக்கு 2 ஆண்டுச் சிறை கொடுத்தார்கள். அதிகாரியை மிரட்டினார் என்று வழக்கு. அவருக்கு வக்கீல் இல்லை. "அவர் கேட்கவில்லையே" என்றது உயர் நீதிமன்றம். 1986ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம், தங்கள் உரிமை அவர்களுக்குத் தெரியாது, அதனால் நீதிபதியே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. தண்டனையும் ரத்தானது. இந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்ற ஏழைகளுக்கும் உண்டு. மாவட்டக் கோர்ட்டில் சட்ட உதவி மையம் இருக்கும். அங்கே மனு கொடுக்கலாம். எழுத முடியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், அவர்களே எழுதிக்கொள்வார்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடம் சொல்லலாம். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். இப்படி வரும் வக்கீல் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அந்த மையத்திலேயே புகார் கொடுங்கள். வேறு வக்கீலைத் தரச் சொல்லியும் கேட்கலாம்.