நொண்டும் நாய்க்கு ஊசி போடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

கால்நடை மருத்துவம் படிக்க நினைக்கிற நீ, மூட்டுத் தேய்ந்து நொண்டும் லேப்ரடாருக்கு அக்குபங்சர் பலிக்குமா என்று கேட்டிருந்தாய். மனிதருக்கு நம்பிக்கையாலேயே வலி குறையலாம், நாய்க்கு ஊசியைப் பற்றி என்ன நம்பிக்கை இருக்கப்போகிறது, அது நன்றாக நடந்தால் ஊசி வேலை செய்தது என்றுதானே பொருள் என்பது உன் வாதம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் "நன்றாக நடக்கிறது" என்று சொல்வது நாய் அல்ல, அதை வளர்ப்பவர். மூட்டுவாத நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. அதில் 58 நாய்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரை தரப்பட்டது. கால் ஊன்றும் விசையைத் தரையில் பதித்த கருவி அளந்தது. கருவி ஒன்று சொல்ல, வளர்ப்பவர்கள் பத்துக்கு நான்கு முறை அதைவிட நல்லதாகச் சொன்னார்கள். கால்நடை மருத்துவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு ஏமாந்தார்கள். மூட்டுவலி ஏறி இறங்கும் தன்மையுடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறோம், பிறகு அது தானாகத் தணிந்தாலும் பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது. ஆக, வாயில்லாத பிராணியிடம் ஊசியை நிரூபிப்பது மனிதரிடம் நிரூபிப்பதைவிடக் கடினம்.

ஊசி வெறும் ஏமாற்று என்றும் நான் சொல்லமாட்டேன். ஊசி குத்தி மின்சாரம் செலுத்தினால் உடம்பு தன் வலிநிவாரணிகளைச் சுரக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2010இல் பிரேசில் மருத்துவர்கள், முதுகுத்தண்டு வட்டு பிதுங்கிக் கால் விழுந்த நாய்களைப் பற்றி எழுதினார்கள்: மின் ஊசி பெற்ற 19இல் 15 தேறின, அறுவை செய்த பத்தில் நான்குதான் தேறின. கேட்டதும் மயங்கிவிடாதே. எண்ணிக்கை சிறியது, எந்த நாய்க்கு எது என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை, ஓய்விலேயே எழுந்து நடக்கும் நாய்களும் உண்டு. 2006இல் விலங்கு அக்குபங்சர் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், ஏற்கவும் தள்ளவும் போதிய சான்றில்லை என்றே முடித்தார்கள். (ஊசி குத்தும் புள்ளிகளின் கதை தனி வேடிக்கை. குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது. மனிதருக்கான அக்குபங்சர் வரைபடத்திலிருந்து பெயர்த்ததில் அதற்கும் பித்தப்பையின் பெயரில் ஒரு புள்ளிவரிசை வந்துவிட்டது.)

மாற்று வைத்தியம் என்றாலே அளக்க முடியாது என்பாரும் உண்டு. அவர்கள் தஞ்சாவூரைப் பார்க்கட்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மாட்டின் மடிநோய்க்கு வகுத்த பக்குவம், சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15. இதைத் தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் பரப்புகிறது. விழுப்புரம் போன்ற பால் மாவட்டத்தில் அதன் பலனை யாருடைய அபிப்பிராயத்துக்கும் விட வேண்டியதில்லை. பாலிலுள்ள செல் எண்ணிக்கையைச் சோதித்தால் தெரிந்துவிடும். நாயின் ஊசியிடமும் நான் கேட்பது இதே வகைச் சான்றைத்தான்.

"பலிக்காவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பாய். ஊசியால் வரும் கெடுதல் குறைவுதான். தாமதத்தால் வருவது பெரிது. பார்வோ வைரஸ் தொற்றி ரத்தமாகக் கழியும் நாய்க்குட்டிக்குத் தேவை டிரிப். ஒரு நாள் கை வைத்தியம் பார்த்தால் குட்டி பிழைக்காமல் போகலாம். மாட்டுக்குக் கொடுக்கும் பூண்டைப் பூனைக்கு அரைத்துக் கொடுத்தால் சிவப்பணுக்கள் சிதையும். நம் வீட்டு பாராசிட்டமாலில் பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம். ஊசியையும் மூலிகையையும் வழக்கமான சிகிச்சையோடு சேர்க்கும் ஒருங்கிணைந்த மருத்துவம் என்றால் நோயறிதல் முதலில், மற்றவை அதன் பின்னால் என்ற வரிசை இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் குழுமச் சட்டமும் சிகிச்சையைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் கையில்தான் விடுகிறது. மனிதருக்கு ஊசி போடப் பயின்றவர் திண்டிவனத்தில் இருக்கிறார் என்பதற்காக நாயை அவரிடம் கொண்டுபோகக் கூடாது.

சென்னை வேப்பேரியிலோ புதுச்சேரி குரும்பாப்பேட்டிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எல்லோராலும் போக முடியாது என்பது நிஜம்தான். ஆனால் ஊசி தெரிந்த கால்நடை மருத்துவர் அதைவிட அரிது. அருகிலேயே செய்யக்கூடியவை சில உண்டு: எடையைக் குறைப்பது, வழுக்கும் டைல்ஸ் மேல் சாக்கு விரிப்பது, நாய்க்கென்று மருத்துவர் எழுதித்தரும் வலிமருந்து. இவற்றுக்கு மேலும் ஊசி வேண்டுமென்றால், போடும் முன் நாய் நடப்பதைப் போனில் படம் பிடி. நான்கு வாரம் கழித்து அதே இடத்தில், அதே வேளையில் மறுபடி பிடி. எது முன்பு, எது பின்பு என்று சொல்லாமல், அந்த நாயை அறியாத ஒருவரிடம் இரண்டையும் காட்டு.

அன்புடன்,
அண்ணன்