சூடான ஊசிக்குழலும் உறையும் பொருளும்

உருகிய மெழுகு ஆறினால் உறைந்துவிடும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டும் விழாது. அடுப்பருகே சற்று நேரம் வைத்தால் மளமளவென்று வழியும். இப்படிச் சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும் பொருளை மெல்லிய ஊசியின் வழியே மனித உடலுக்குள் செலுத்த வேண்டுமென்றால் என்ன செய்வது? வெப்பம் பற்றிய பாடம் நடந்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த கேள்வி இது. நூல்களைப் புரட்டியபோது வியப்பான செய்தி ஒன்று கிடைத்தது. சூடேற்றிய ஊசிக்குழல் மருத்துவத்தில் இரண்டு இடங்களில் பயன்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் அது பலருடைய முகங்களைக் கெடுத்தது. மற்றோரிடத்தில் பற்களைக் காத்து வருகிறது. கருவியின் தத்துவம் ஒன்றே. பின் ஏன் இந்த வேறுபாடு? தோழியரே, அதைக் காண்போம்.

முதலில் ஊசிக்குழலைக் கவனிப்போம். மருத்துவர் கையில் உள்ள சிரிஞ்சில் மருந்து தங்கும் உருளை, அதைத் தள்ளும் தண்டு, முனையில் ஊசி என மூன்று பகுதிகள் உண்டு. நம் வீட்டு முறுக்கு உழக்கும் ஏறக்குறைய இதே அமைப்புதான். உருளைக்குள் உருகிய மெழுகை நிரப்பினால் அது சற்று நேரம் உருகிய நிலையிலேயே இருக்கும். தொல்லை ஊசியில்தான் தொடங்குகிறது. ஊசியின் விட்டம் உருளையின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரே நீளத்துக்குக் கணக்கிட்டால், ஊசிக்குள் இருக்கும் மெழுகு நூறில் ஒரு பங்காகிறது. ஆனால் வெப்பம் வெளியேறும் பரப்பு பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. ஆகவே ஊசிக்குள் உள்ள மெழுகு மிக விரைவில் ஆறி, வழியை அடைத்துக்கொள்கிறது. உருளையை மட்டும் சூடாக்கிப் பயனில்லை. ஊசி முனைவரை வெப்பம் சென்றாக வேண்டும். எல்லாச் சூடான ஊசிக்குழல்களின் வரலாறும் இந்த ஒரு தொல்லையோடு நடந்த போராட்டம்தான்.

உருகிய மெழுகை உயிரினத்தின் உறுப்புக்குள் செலுத்திப் பார்த்தவர்களில் முன்னோடி, ஓவியராக நாம் அறிந்த லியனார்டோ டா வின்சி. 1500ஐ அடுத்த ஆண்டுகளில் இறந்த எருதின் மூளையை எடுத்து, அதனுள் இருக்கும் வெற்றிடங்களில் மெழுகைச் செலுத்தினார். காற்றும் நீரும் வெளியேறத் தனியே துளைகளில் மெல்லிய குழல்களைச் செருகி வைத்தார். மெழுகு உறைந்தபின் மூளையை நீக்கிவிட்டுப் பார்த்தால், அவ்வெற்றிடங்களின் வடிவம் மெழுகில் அச்சாக நின்றது! பிள்ளையார் பிடிக்கும் களிமண் அச்சுக்கு நேர்மாறான வேலை. அதன்பின் 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் சுவாமர்டாமும் ருய்ஷும் இரத்தக் குழாய்களில் நிறமூட்டிய மெழுகைச் செலுத்தினர். ஆம்ஸ்டர்டாமில் ருய்ஷ் சேர்த்து வைத்திருந்த உடற்கூறுப் பொருள்களை 1717இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் 30,000 கில்டர் கொடுத்து வாங்கிச் சென்றார். இவை யாவும் இறந்த உடல்களில் செய்தவை. மெழுகு எங்கே போனாலும் யாருக்கும் வலிக்கவில்லை.

உயிருள்ளவர்களிடம் இதைச் செய்யத் துணிந்தபோதுதான் துன்பம் வந்தது. 1899இல் வியன்னா நகர அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சூனி, உடலில் குறைபட்ட இடத்தை நிரப்பப் பாரஃபினைச் செலுத்தினார். பாரஃபின் என்பது மெழுகுவத்தி செய்யும் அதே பொருள். எந்த அமிலத்தோடும் எளிதில் வினைபுரியாது, அழுகாது. அப்படியானால் உடலுக்குள்ளும் சும்மா இருக்கும் என்று நம்பினார்கள். நோயால் பாலம் உடைந்து குழிந்துபோன மூக்கை அறுக்காமல், தழும்பில்லாமல், ஓர் ஊசியால் நிமிர்த்தலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவியது.

இங்கேதான் உருகுநிலை என்ற நம் பாடச் சொல் உயிர் பெறுகிறது. மனித உடலின் வெப்பம் சுமார் 37 பாகை செல்சியஸ். கெர்சூனி பயன்படுத்திய மென்மையான வகை 40 பாகையை ஒட்டி உருகுவது. அதைச் செலுத்துவது எளிது. ஆனால் காய்ச்சல் வந்தாலோ, கடும் வெயிலில் நின்றாலோ உள்ளேயே இளகி, இருக்கும் இடத்தை விட்டு நகரும். ஆகவே பெர்லின் மருத்துவர் எக்ஸ்டைன் 55 பாகைக்கு மேல் உருகும் கடினப் பாரஃபினைத் தேர்ந்தார். அது நகராது, ஆனால் ஊசியிலேயே உறைந்துவிடும், உறையாதபடி சூடேற்றினால் தசையைச் சுடும். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கிணறு என்ற நிலை. இதற்காகவே ரப்பர் உறையிட்ட குழல்கள் வந்தன. மின்சாரத்தால் சூடேற்றும் குழல்களும் தோன்றின. நியூயார்க்கைச் சேர்ந்த ஹார்மன் ஸ்மித் சூடே வேண்டாம் என்று முடிவு செய்து, திருகு பொருத்திய வலிமையான குழலால் பாரஃபினைக் குளிர்ந்த நிலையிலேயே இழையாகப் பிதுக்கினார். மறுபடியும் நம் முறுக்கு உழக்குதான்!

கருவி திருந்தியது; பொருள் திருந்தவில்லை. உருகிய பாரஃபின் தவறி ஒரு இரத்தக் குழாய்க்குள் நுழைந்தால், ஓடும் குருதியோடு சென்று எங்கேயோ உறைந்து அடைத்துக்கொள்ளும். மூக்கில் ஊசி போட்டதன்பின் கண்பார்வை போன நிகழ்ச்சி 1903இலேயே மருத்துவ இதழில் பதிவாயிற்று. தப்பித்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. சில ஆண்டுகள், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து, பாரஃபின் இருந்த இடம் கட்டி கட்டியாக வீங்கியது. பாரஃபின் உடலோடு வினைபுரியவில்லை என்பது மெய்தான். ஆனால் உடல் சும்மா இருக்கவில்லை. அதை அந்நியப் பொருள் என்று கண்டுகொண்டு, சுற்றிலும் நார்த்திசுவை வளர்த்தது. தசைக்குள் இண்டு இடுக்கெல்லாம் பரவிய மெழுகைத் தனியே பிரித்தெடுக்க இயலாது. தசையையும் சேர்த்தே வெட்ட வேண்டும்.

கிளாடிஸ் டீக்கன் என்ற பெண்மணியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1881இல் பிறந்த அவர், தம் காலத்தின் பேரழகிகளுள் ஒருவராகப் பாராட்டப்பட்டவர். நெற்றியிலிருந்து மூக்கு ஒரே நேர்கோடாக, கிரேக்கச் சிலையைப் போல் இறங்க வேண்டும் என்று விரும்பி, இருபத்திரண்டாம் வயதை ஒட்டி மூக்கின் பாலத்தில் பாரஃபின் ஊசி போட்டுக்கொண்டார். நாளடைவில் அம்மெழுகு கீழே இறங்கித் தாடைப் பகுதியில் கட்டிகளாகத் தங்கியது. 1921இல் அவர் மார்ல்பரோ கோமகனை மணந்தார், 1977வரை வாழ்ந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த ஊசியின் விளைவை முகத்தில் சுமந்தார் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அவரைப் பழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பெண்ணின் மூக்கை அளவுகோல் வைத்து அளந்த காலம் அது. (இன்று மட்டும் என்னவாம்?) 1920களுக்குள் நல்ல மருத்துவர்கள் பெரும்பாலும் இம்முறையைக் கைவிட்டனர். ஆயினும் முறையற்ற இடங்களில் இத்தகைய ஊசியைப் போட்டுக்கொண்டு வருந்துவோரைப் பற்றி மருத்துவ இதழ்கள் இன்றும் எழுதுகின்றன.

இனி இரண்டாவது இடத்துக்கு வருவோம். அது பல்.

பல்லின் வெளியே பற்சிப்பி, அதற்குள் பல்திசு, நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். சொத்தை ஆழமாகிப் பற்கூழ் அழுகிவிட்டால், முன்பெல்லாம் பல்லைப் பிடுங்குவதே வழி. "நோகிற பல்லைப் பிடுங்கி எறி" என்று எங்கள் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். இப்போது 'ரூட் கெனால்' எனப்படும் வேர்ச் சிகிச்சையில் அழுகிய கூழை மட்டும் எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து, கிருமி மீண்டும் புகாதபடி அடைத்துவிடுகிறார்கள். அடைப்பதுதான் கடினம். வேர்க்குழாய் நேரான குழாய் அல்ல. வளைந்தும், கிளைத்தும், நுனியில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட அகலமில்லாமலும் இருக்கும்.

அதை அடைக்கப் பயன்படும் பொருள் கட்டாபெர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. அம்மக்கள் அதை வெந்நீரில் இளக்கி வெட்டுக்கத்திகளுக்குப் பிடி செய்து வந்தனர். சிங்கப்பூரில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் மாண்ட்கமரி அதைக் கண்டு 1843இல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. 1858இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதற் கம்பிக்கும் அதுவே உறை. தந்திக்காக எண்ணற்ற மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள் என்பது தனிக் கதை. வேதியியல் பிடித்த தோழியருக்கு ஒரு செய்தி: ரப்பரும் கட்டாபெர்ச்சாவும் ஒரே ஐசோபிரீன் மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள். கோத்த விதத்தில்தான் வேறுபாடு. ரப்பர் துள்ளுகிறது; கட்டாபெர்ச்சா சாதாரண வெப்பத்தில் விறைத்து நிற்கிறது, சுமார் 60 பாகையில் இளகிக் குழைகிறது. பல் மருத்துவத்துக்கான குச்சிகளில் கட்டாபெர்ச்சா ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு.

வெகுகாலம் இக்குச்சிகளைக் குளிர்ந்த நிலையிலேயே செருகி வந்தனர். 1967இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஷில்டர் குழாய்க்குள்ளேயே சூடாக்கி அழுத்தும் முறையை விளக்கினார். 1977இல் யீ, மார்லின் முதலிய ஆய்வாளர்கள் கட்டாபெர்ச்சாவை முன்னரே இளக்கி, ஊசி வழியே செலுத்தும் முறையை வெளியிட்டனர். இன்று அக்கருவி கைத்துப்பாக்கி வடிவில் இருக்கிறது. பின்புறத்தில் சிறு கட்டாபெர்ச்சாத் துண்டைப் போட வேண்டும். மின்சூடேற்றி அதை 160 முதல் 200 பாகைவரை சூடாக்கும். விசையை அழுத்தினால் தண்டு தள்ள, ஊசி முனையில் இழை வரும். அந்த ஊசியைப் பெரும்பாலும் வெள்ளியால் செய்கிறார்கள். ஏன் தெரியுமா? உலோகங்களுள் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. உருளையின் சூடு முனைவரை ஓடிவருகிறது, நடுவழியில் அடைப்பதில்லை. எக்ஸ்டைனைத் திணறவைத்த தொல்லைக்கு விடை ஒரு வெள்ளிக் குழாயில் இருந்தது!

200 பாகை என்றதும் எங்களுக்கும் திடுக்கிட்டது. கொதிக்கும் நீரே 100 பாகைதானே? தாடை எலும்பு என்னாவது? 1983இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எரிக்ஸனும் ஆல்பிரெக்ட்ஸனும் முயல்களில் ஆராய்ந்து, எலும்பு 47 பாகையில் ஒரு நிமிடம் இருந்தாலே கேடு என்று கண்டனர். அதாவது உடல் வெப்பத்தைவிட 10 பாகை கூடுதல். ஆனால் ஊசியை விட்டு வெளிவரும் கட்டாபெர்ச்சாவின் சூடு உருளையில் உள்ளதைவிட மிகக் குறைவு. அளவும் ஒரு பருக்கைச் சோறுகூட இராது. கட்டாபெர்ச்சாவும் பல்லும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. முறையாகச் செய்தால் வேரின் வெளிப்புறம் அந்த எல்லைக்குள் நிற்கிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. கருவியை ஒரே இடத்தில் நெடுநேரம் பிடிக்கலாகாது என்பது அதனால்தான்.

வேறொரு சிக்கலும் உண்டு. ஆறும்போது பொருள் சுருங்கும். அணைந்த மெழுகுவத்தியின் நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பல்லுக்குள் அப்படி நேர்ந்தால் கிருமிக்கு வாசல். ஆகவே மருத்துவர் ஒரேயடியாக நிரப்புவதில்லை. முதலில் வேர் நுனியை அடைத்துக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் ஆறும்வரை சிறு தண்டால் அழுத்திப் பிடிக்கிறார். நுனியை அடைக்காமல் அவசரப்பட்டால் இளகிய பொருள் வேரைத் தாண்டி வெளியேறலாம். கீழ்த்தாடை நரம்பின் மீது அது பட்டு உதடு மரத்துப்போன நிகழ்ச்சிகளும் உண்டு. பாரஃபினின் பழைய கதை அங்கே எட்டிப் பார்க்கிறது அல்லவா? முகத்தின் தசையில் மெழுகுக்கு எல்லை இல்லை. பல்லிலோ நாற்புறமும் கெட்டியான சுவர் இருக்கிறது. சுவருக்குள் நிற்கும்வரைதான் நன்மை.

இடையில் ஒரு விந்தை. போலாக்சமர் 407 என்ற பொருளின் கரைசல் நேர்மாறாக நடந்துகொள்கிறது. குளிர்பெட்டியில் நீர் போல் இருக்கும். உடல் சூடு பட்டதும் கூழாக இறுகும். அதற்குச் சூடான ஊசி வேண்டாம், குளிர்ந்த ஊசி வேண்டும்! எலும்பு முறிவில் பயன்படும் எலும்புச் சிமென்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது ஆறுவதால் இறுகுவதில்லை. வேதிவினையால் இறுகும்போது தானே சூட்டை வெளியிடுகிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடையின் மறுபாதி இது: பல்லில் அடைத்ததைத் திரும்ப எடுக்கலாம். சிகிச்சை செய்த பல்லில் ஆண்டுகள் கழித்து மறுபடி சீழ் பிடித்தால், மருத்துவர் அடைப்பைத் திறந்து சூடான முனையால் கட்டாபெர்ச்சாவை இளக்குகிறார். அல்லது குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானை ஒரு சொட்டு விடுகிறார். ஆரஞ்சுத் தோல் எண்ணெயும், சளிக்கு நாம் மார்பில் தடவும் நீலகிரித் தைலமும்கூட அதை மெதுவாகக் கரைக்கும். இளகியதைச் சுரண்டி எடுத்து, வேர்க்குழாயை மறுபடி கழுவி, புதிதாக நிரப்பலாம். பல் அங்கேயே இருக்கும்.