அரைப் பேர் போனாலும் சீனியைப் பார்த்துக்கொள்ளுங்கள்



போன மாதம் பெரட்டுக் களத்தில் ஒரு அக்கா கேட்டார்: "எனக்கு ஒரு நோவும் இல்லீங்க ஐயா. எதுக்கு அரைப் பேரை விட்டுட்டு சீனி பார்க்கப் போகணும்?" நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பதில் சொல்கிறேன்.

என் ஊர் கல்முனைப் பக்கம் பெரியநீலாவணை. கடல் தொழில் செய்த என் மாமாவும் இப்படித்தான் சொல்வார். காலில் முள் குத்திய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. சோதித்துப் பார்த்தால் சீனி வருத்தம்! ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது. மூன்று மாதம் தொழில் இல்லை. மாமியின் காப்பு அடகுக்குப் போனது. சீனி ஆரம்பத்தில் வலிக்காது. நமக்குத் தெரியாமலே கண், சிறுநீரகம், கால் நரம்புகளைக் கெடுக்கும்.

நம் நாட்டில் 2005-06-இல் செய்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் சீனி வருத்தம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானோருக்கு அது தெரியவே தெரியாது.

சோதித்தால் மட்டும் போதுமா? போதாது. இங்கிலாந்தில் ஆபத்து கூடியவர்களை அழைத்துச் சோதித்தார்கள். பத்து வருஷம் கழித்து, அழைக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால் மரணம் குறையவில்லை என்று 2012-இல் தெரிந்தது. ஊசி குத்தினால் மட்டும் நோய் போகாது. அதற்குப் பிறகு நாம் செய்வதில்தான் பலன்.

அதற்கும் ஆதாரம் உண்டு. இந்தியாவில் சீனி வரும் தறுவாயில் இருந்தவர்களை 3 வருஷம் கவனித்து, 2006-இல் முடிவைச் சொன்னார்கள். சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சீனி வந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்தியவர்களில் 39 பேருக்குத்தான். 100 பேரில் 16 பேர் தப்பினார்கள்!

ஆகவே எல்லோரும் மாதாமாதம் குத்திப் பார்ப்பது வீண் செலவு. கட்டாயம் பார்க்க வேண்டியவர்கள்:

1. 35 வயதைத் தாண்டியவர்கள்.
2. தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களுக்குச் சீனி உள்ளவர்கள்.
3. வயிறு பெருத்தவர்கள், பிரஷர் உள்ளவர்கள்.
4. கர்ப்ப காலத்தில் சீனி இருந்த தாய்மார்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இச்சோதனை இலவசம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் மட்டும் குடித்து, காலையில் பிளேன்டீ கூடக் குடிக்காமல் போங்கள். 100-க்குக் கீழ் என்றால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-உம் அதற்கு மேலும் என்றால் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும்.

எச்சரிக்கை என்று வந்தால் பயப்படாதீர்கள். தேநீரில் சீனியை நிறுத்துங்கள். ரொட்டியைக் குறைத்து கீரை, பருப்பைக் கூட்டுங்கள். மலையில் ஏறி இறங்குவது நல்ல உடற்பயிற்சி. ஓய்வு பெற்றவர்களும் தினம் அரை மணி நேரம் நடக்கட்டும். அட்டை கடித்த புண்ணையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

அந்த அக்காவுக்கு என் பதில் இதுதான்: இன்று போவது அரைப் பேர். பார்க்காமல் விட்டால் மூன்று மாதப் பேரும், ஒரு காலும் போகலாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.