ஆரஞ்சு விளக்கு எரிந்தால் பதறாதே

அன்புள்ள தம்பிக்கு,

கோர் சுவிட்சுக்கு இரண்டு கேபிள் இழுத்தும் ஒரு போர்ட்டில் ஆரஞ்சு விளக்குதான் எரிகிறது, சும்மா கிடக்கும் கேபிளுக்கு எதற்குக் காசு என்று மேனேஜர் கேட்கிறார், ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திவிடலாமா என்று எழுதியிருந்தாய். நிறுத்தாதே. முதல் கேபிள் அறுந்தால் எழுந்து நிற்கப்போவது அந்தப் போர்ட்தான்.

ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஓர் ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் கதை முடிந்தது. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. சுவிட்சுகளுக்குள் ஒரு லூப் விழுந்துவிட்டால் ஒற்றை பிராட்காஸ்ட் ஃப்ரேம் சுற்றிச் சுற்றிப் பெருகியே நெட்வொர்க்கை மூழ்கடித்துவிடும். 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் இதற்குக் கண்ட வழிதான் ஸ்பானிங் ட்ரீ. லூப்பை உண்டாக்கும் உபரிப் போர்ட்டை அது தடுத்துவைக்கிறது; உன் ஆரஞ்சு விளக்கு அதுதான். தன் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைக் கவிதையாகவே எழுதிக் கொடுத்தவர் அவர். நம் ஆட்கள் எழுதும் டாக்குமென்டேஷனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வந்துவிடும்.

மேனேஜருக்குச் சொல்ல உன்னிடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டு கேபிளும் ஒரே கோர் சுவிட்சுக்குத்தான் போகின்றன என்றால் எல்ஏசிபி போட்டு ஒன்றாகக் கட்டிவிடு. ஸ்பானிங் ட்ரீ அதை ஒரே இணைப்பாகப் பார்க்கும். இரண்டிலும் டிராஃபிக் ஓடும். இரு பக்கமும் ‘ஆக்டிவ்’ என்றே வை. பேச்சுவார்த்தை இல்லாமல் கட்டும் ‘ஆன்’ மோட் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கட்டியிருந்தால் அதுவே லூப்புக்கு வழி திறந்துவிடும்.

நான் உன்னிடம் கேட்க நினைத்தது வேறு. உன் நெட்வொர்க்கில் ஸ்பானிங் ட்ரீக்கு வேராக நிற்கும் ரூட் சுவிட்ச் எது? நீ சொல்லாவிட்டாலும் சுவிட்சுகள் தங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கும். எல்லாமே 32768 என்ற பிரையாரிட்டியோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. குறைந்த எண்ணே வெல்லும். பிரையாரிட்டி சமமானால் யாருடைய மேக் முகவரி சிறியதோ அதற்கே பட்டம். ஒரே கம்பெனிச் சரக்கில் சிறிய மேக் என்றால் பெரும்பாலும் பழைய பெட்டி. ஸ்டோர் ரூமில் தூசி தின்றுகொண்டிருக்கும் அந்தக் கிழட்டுச் சுவிட்சைச் சுற்றி மொத்தக் கட்டடத்தின் டிராஃபிக்கும் வளைந்து நெளிந்து போய்க்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாது, ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் புகார் வரும்.

அதனால் கோர் சுவிட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக நிற்கப்போகும் சுவிட்சுக்கு 8192 என்று உன் கையால் எழுது. 4096-இன் மடங்குகளை மட்டுமே சுவிட்ச் ஏற்கும், ஏனென்றால் அந்த எண்ணின் கடைசி 12 பிட் விலான் எண்ணுக்குப் போய்விட்டது. 0 கொடுக்காதே. என்றாவது ஒருநாள் அவசரத்துக்கு 4096-க்கும் கீழே ஓர் எண் தேவைப்படும்.

ஸ்பானிங் ட்ரீ பழைய மோடில் ஓடுகிறதா என்றும் பார். அதில் ஓர் இணைப்பு போனால் மீண்டுவர 30 முதல் 50 நொடி ஆகும். 2001-இல் வந்த ரேபிட் முறை பெரும்பாலும் ஓரிரு நொடிகளில் முடித்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் மாட்டும் போர்ட்டுகளுக்குப் போர்ட்ஃபாஸ்ட் கொடு. இல்லாவிட்டால் போர்ட் திறப்பதற்குள் டிஎச்சிபி சலித்துப்போய், கம்ப்யூட்டர் 169.254-இல் தொடங்கும் முகவரியோடு நிற்கும். கூடவே பிபிடியு கார்டு கட்டாயம். யாரோ மேஜைக்கடியில் ஒரு சின்னச் சுவிட்சை வைத்து, ஒரே கேபிளின் இரு முனையையும் அதிலேயே செருகிவிடுவார்கள். உன் சுவிட்ச் அனுப்பிய பிபிடியு, அதாவது ஸ்பானிங் ட்ரீயின் செய்தி, அதனிடமே திரும்பி வரும். கார்டு அந்தப் போர்ட்டை மூடிவிடும். பிபிடியு ஃபில்டர் என்று பெயரில் நெருக்கமான இன்னொன்று இருக்கிறது. போர்ட்டில் நேரடியாகப் போட்டால் அது பிபிடியுவையே விழுங்கிவிடும். லூப் விழுந்தாலும் சுவிட்சுக்குத் தெரியாது. அந்தப் பக்கமே போகாதே.

2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் விழுந்து, பல நாட்கள் டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்தில் எழுதியே சமாளித்தார்கள். வருடக்கணக்கில் சுவிட்சோடு சுவிட்சை ஒட்டிக்கொண்டே போனதில், ஸ்பானிங் ட்ரீயின் டைமர்கள் தாங்கக்கூடிய 7 ஹாப் எல்லையை அந்த நெட்வொர்க் தாண்டியிருந்தது. உன் கட்டடத்திலும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடு.

ரூட்டை மாற்றுவதைப் பகலில் செய்யாதே. மாற்றிய பிறகு ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெயில்’ கொடுத்து, டோப்பாலஜி மாற்றம் எத்தனை முறை நடந்தது, கடைசியாக எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று குறித்துவை. ஒரு வாரம் கழித்தும் எண் ஏறிக்கொண்டே இருந்தால், போர்ட்ஃபாஸ்ட் கொடுக்க மறந்த கம்ப்யூட்டர் போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடு.

அன்புடன்,
அண்ணன்