ட்ரெய்லர் ஓட்டப் போகும் மலையகத் தம்பிமாருக்கு

கினிகத்தேனை இறக்கத்தில் பாரம் ஏற்றிய லொறியைச் சின்னக் கியரில் பிடித்து, பிரேக் கருகவிடாமல் கித்துல்கலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவனுக்கு வண்டி ஓட்ட யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறியவன் நான். பிறகு ஃபெக்டரித் தேயிலையைக் கொழும்புக்கு ஏற்றினேன். அதன்பின் சவூதியில் சில வருடம் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு ஹட்டனுக்குத் திரும்பி வந்தேன். இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இரண்டு மூன்று தம்பிமார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, ட்ரெய்லர் ஓட்டப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய். இதை வைத்துக் குடும்பம் நடத்திய அம்மாவின் பிள்ளைகள் வெளிநாட்டைப் பார்ப்பதில் தப்பே இல்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் மாட்டிக்கொள்வது காகிதத்தில்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயரை வேறு யாரோ கேட்டு, வேறு மொழியில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. ஒன்றில் அப்பாவின் பெயர் முன்னால் இருக்கும், மற்றதில் பின்னால். ஒன்றில் இரட்டை எழுத்து, மற்றதில் ஒற்றை. பிறந்த தேதியே மாறியிருப்பதும் உண்டு. ஊரில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். விசா அடிக்கும் இடத்தில் அந்த ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். என்னுடன் புறப்பட இருந்த ஒரு தம்பியின் விசாக் காலம் இப்படியே முடிந்துபோனது. பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிறப்புச் சான்றிதழை முதலில் திருத்துங்கள். அடுத்து கிராம உத்தியோகத்தர் மூலம் அடையாள அட்டை. பிறகுதான் கடவுச்சீட்டு. அதற்குக் கொழும்புப் பக்கம் ஓடத் தேவையில்லை, கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தரம் செய்ய நேரும்.

இன்னொன்று, தபால். பல தோட்டங்களில் லயத்துக்குக் கடிதம் நேராக வராது, தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே அது எத்தனை நாள் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் இருந்தால் அவருடைய விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவையுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில், லொறி ஓட்டும் சி வகுப்பு மட்டும் இருந்தால் ட்ரெய்லருக்குப் போதாது, சிஇ வகுப்பு வேண்டும். நம் மலைப் பாதையில் பிரைம் மூவரை ஓட்டிப் பழக இடமில்லை. போவதற்கு முன் ஒருகொடவத்தைப் பக்கம் ஏதாவது கன்டெய்னர் யார்டில் கொஞ்ச காலம் வேலை செய்யுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது ட்ரெய்லரின் பின்பக்கம் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். இது சொல்லிக் கேட்டு வருவதில்லை, கை பழக வேண்டும். வளைகுடாவில் வண்டி ரோட்டின் வலது பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். ரவுண்டபவுட்டில் நாம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அங்கே போய் அந்த நாட்டு லைசென்ஸையும் எடுத்தாக வேண்டும். இலங்கை ஒட்டோமொபைல் சங்கம் கொடுக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் காட்டி வேலைக்கு ஏற முடியாது. ஆகவே ஏஜென்சியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அந்த டெஸ்டுக்குப் பணம் யார் கட்டுவது, ஃபெயிலானால் என்ன, லைசென்ஸ் கைக்கு வரும்வரை சம்பளம் உண்டா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏஜென்சி என்றதும் தோட்டத்துக்கே வந்து பாஸ்போர்ட் சேர்க்கிற ஆளை நினைக்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவரா, அவருடைய அனுமதி இலக்கம் இன்னும் செல்லுபடியாகிறதா, அந்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து நீங்களே கேளுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், அது சொந்த மச்சானாக இருந்தாலும், வேண்டாம். பணியகத்தில் பதியாமல் போனவனுக்கு அடிபட்டால் காப்புறுதியும் இல்லை, சம்பளம் நின்றால் முறையிடுவதும் லேசில்லை.

கைக்கு வந்த விசாவில் தொழில் என்ன என்று போட்டிருக்கிறது? ட்ரெய்லர் என்று சொல்லி ஒரு முகவர் அனுப்பிய எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையனின் விசாவில் கூலி வேலை என்றிருந்தது. அங்கே இறங்கிய பிறகுதான் அவனுக்கே தெரியும். அரபியில் 'சாயிக் ஷாஹினா' என்று இருந்தால்தான் லொறி சாரதி. வாசிக்கத் தெரிந்த ஒரு மௌலவியிடமோ கடைக்காரரிடமோ காட்டுங்கள். சவூதியில் வேலை ஒப்பந்தத்தை 'கிவா' என்ற அரசாங்கத் தளத்தில் பதிவார்கள், உங்கள் போனிலேயே திறந்து பார்க்கலாம். கொழும்பில் கையெழுத்திட்ட சம்பளமும் அதில் இருக்கும் சம்பளமும் ஒன்றாக இல்லாவிட்டால் சம்மதம் கொடுக்க வேண்டாம்.

மருத்துவச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைகுடா மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தாலே 'அன்ஃபிட்' என்று அடித்துவிடுவார்கள். யாருக்கும் ஒரு சதம் கொடுப்பதற்கு முன், உங்கள் செலவில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கடன். கொழும்புக்காரன் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பான். லயக் காம்பிரா நம் பெயரில் இல்லை, வைக்க நம்மிடம் பத்திரமும் இல்லை. அம்மாவின் தோடும் தங்கச்சியின் சங்கிலியும்தான் அடகுக்குப் போகும், அதுவும் போதாமல் வட்டிக்காரனிடம் போவோம். பயணம் நின்றாலும் வட்டி நிற்காது. நகையை மீட்கும்வரை வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் அனுப்புங்கள், மீதி முழுக்கக் கடனுக்குப் போகட்டும். டிவியும் மோட்டார் சைக்கிளும் பிறகு வாங்கலாம்.

இனி ரோட்டுக்கு வருகிறேன். சவூதியில் ஹரத்திலிருந்து ஐக்கிய அரபு அமீரக எல்லையில் உள்ள பத்ஹா வரை சுமார் 240 கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோடாக ஒரு ரோட்டு ஓடுகிறது. உலகத்திலேயே மிக நீளமான நேர்ப் பாதை என்று கின்னஸில் பதிவானது. மலையில் வளைவே நம்மைத் தூங்கவிடாது. அங்கே வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை. கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். கொட்டாவி வருவதற்கு முன்பே இன்னோர் அடையாளம் உண்டு: கடந்துபோன கிலோமீட்டர் பலகை ஞாபகம் இருக்காது. அப்படி ஒரு பலகை தப்பினால் உடனே ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் படுத்துவிடுவேன். முதலாளி போனில் கத்தினாலும் சரி. இரவில் ஒட்டகம் பெரிய ஆபத்து. அதன் உடம்பு உயரத்தில் இருப்பதால் லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிவது கால்கள்தான். மெல்லிய கம்புகள் போலத் தெரிந்தவுடனே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

டயரைக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஆறியிருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் காற்று அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் அடுத்த நூறு கிலோமீட்டரில் வெடிக்கும். எல்லையில் வரிசை நீண்டால் நாள் கணக்கில் நிற்க நேரும். அரிசி, பருப்பு, சின்ன கேஸ் அடுப்பு, நிறையத் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பாகிஸ்தான் சாரதிமாரோடு நின்றால் உருது தானாக வந்துவிடும், ஆபத்துக்கு முதலில் ஓடிவருகிறவர்களும் அவர்கள்தான்.

ருமேனியா, போலந்து என்று இப்போது கேட்கிறவர்கள் அதிகம். நான் அங்கே ஓட்டவில்லை. ஓட்டுகிற நண்பர்கள் சொல்வதும் சட்டமும் ஒன்றாகவே இருக்கின்றன: ஐரோப்பாவில் தொழில்முறைச் சாரதித் தகுதி பெற்று, 'கோட் 95' பதிந்தால்தான் ட்ரக் ஓட்டலாம். நாளுக்கு 9 மணி நேரம்தான் பொதுவான அளவு, நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிட ஓய்வு. வண்டியில் உள்ள டாக்கோகிராஃப் கருவி இதையெல்லாம் பதிந்துகொள்ளும், அதை ஏமாற்றச் சொல்லும் கம்பெனியில் நிற்க வேண்டாம்.

திரும்பி வரும்போது சேரவேண்டிய பணத்தைப் பலர் கேட்காமலே வந்துவிடுகிறார்கள். சவூதித் தொழிற்சட்டப்படி ஒப்பந்தம் முடிந்து வருகிறவருக்கு முதல் 5 வருடத்தில் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் சேரவேண்டும். இடையில் நீங்களாக விலகினால் குறையலாம், 2 வருடத்துக்குள் விலகினால் கிடைக்காது. சம்பளம் வங்கிக்கு வந்த பதிவுகளைப் போனில் சேர்த்துவையுங்கள். கடைசி எக்சிட் விசா அடிப்பதற்கு முன் ஓர் அரபுத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். எல்லாம் கிடைத்துவிட்டது என்று அதில் எழுதியிருக்கலாம், பணம் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.