இளங்குதிரையின் பின்காற் பிறழ்நடை: ஓர் ஆய்வு

குதிரையின் நடையை மயூரகதி, மல்லகதி, வானரகதி முதலாக ஐவகைப்படுத்திப் பெயரிட்டவர் நம் முன்னோர். மயிலையும் மல்லனையும் குரங்கையும் உவமையாகக் கொண்டு நடையை அளந்த கண்கள் கூரியவை என்பதில் ஐயமில்லை. ஆயின், நன்னடையை வகுத்தறிதல் ஒன்று. நடை பிறழ்ந்தவிடத்து அதன் காரணத்தைத் தேடியறிதல் வேறொன்று. பின்னதையே யாம் இங்கு எடுத்துக்கொண்டோம். குதிரை அரிதாகிய கல்முனைக் கரையில் வாழ்வோர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க. விடை பின்னே வரும்.

13 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டுக் கடற்கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்த குதிரைகள் அங்கு மடிவதையும், உயர்ந்த குதிரைகள் ஈன்ற குட்டிகளும் கால் கோணி ஏறுதற்கு உதவாதிருத்தலையும் குறித்துள்ளார். அந்நாட்டுத் தட்பவெப்பம் குதிரைக்கு ஒவ்வாது என்பது அவர் துணிபு. பிற்காலத்தில் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளிற் பின்கால் தளர்ந்து தள்ளாடும் குதிரை நோயொன்று ‘கும்ரி’ எனப் பெயர் பெற்றது. இடுப்பைக் குறிக்கும் ‘கமர்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். நோயின் இருப்பிடம் இடுப்பே என்று பெயரே தீர்ப்பளித்துவிட்டது போலும்!

பின்கால் நடை பிறழ்வதெல்லாம் ஒரே நோயன்று. மூவகையை மாணவர் வேறுபிரித்தறிதல் நன்று. முதலாவது, கால் பூட்டிக்கொள்ளல். முழங்காற் சில்லு மேலேறித் தொடையெலும்பின் முனையில் மாட்டிக்கொள்ள, கால் பின்னோக்கி விறைத்து நின்று, பின் திடீரென விடுபடும். தசைவலி குன்றிய இளங்குதிரைகளில் இது மிகுதி. வளர்ச்சியும் முறையான பயிற்சியும் வாய்க்கப் பலவற்றில் நீங்கிவிடும். இரண்டாவது, கால் வெட்டியிழுத்தல். அடியெடுக்குந்தோறும் கால் வயிற்றை நோக்கிச் சடுதியாக மேலெழும். மூன்றாவதே கும்ரி. இதிற் கால் பூட்டுவதுமில்லை, வெட்டுவதுமில்லை. குளம்பின் நுனி நிலத்தில் உரசும். உடலின் பின்புறம் இருபாலும் அசைந்தாடும். குதிரையோ வழக்கம்போல் உணவுண்ணும். காய்ச்சலும் பெரும்பாலும் இராது. இதனாலேயே அதனைச் சோம்பல் என்றும் முரண்டு என்றும் கருதிச் சவுக்கெடுப்போர் உளர்.

இனி ஆராயும் முறையைக் கூறுவாம். முதலிற் குளம்பின் நுனி தேய்ந்துளதா என்று நோக்குக. அடுத்து, குதிரையைக் குறுகிய வட்டத்தில் நடத்தின், நோயுற்றதன் வெளிப்புறப் பின்கால் அகன்று வீசும். பின்னோக்கி நடத்தினாற் கால்கள் ஒன்றோடொன்று பின்னும். பழகிய கையொருவர் நடக்கும் குதிரையின் வாலைப் பக்கவாட்டில் இழுத்தால், நலமுள்ளது எதிர்த்து உறுதி காட்டும். நலிந்தது இழுத்த பக்கம் சாயும். காலில் வீக்கமும் வெப்பமும் நோவும் இன்றி இக்குறிகள் தோன்றுமாயின், குற்றம் காலுக்கு ஆணை கொண்டுசெல்லும் முண்ணாணில் உள்ளதென ஐயுறல் வேண்டும். முண்ணாணைக் கெடுப்பனவும் பலவாம். விரைந்து வளரும் இளங்குதிரைகளிற் கழுத்தெலும்புகள் அதனை நெருக்குதலும் அவற்றுள் ஒன்று.

இலங்கைக் குதிரைகளின் கும்ரியைப் பற்றி இன்னெசு, பிள்ளை என்னும் ஆய்வாளர் இருவர் 1955 ஆம் ஆண்டில் பிரித்தானிய மிருகவைத்திய இதழொன்றிற் கட்டுரை வெளியிட்டனர். மூளையிலும் முண்ணாணிலும் புழு ஊடுருவுவதால் விளையும் நோயே இது என்பது அவர்கள் கண்ட முடிபு. அப்புழு ‘செற்றேரியா’ இனத்தது. வளர்ந்த புழுக்கள் மாடு, எருமைகளின் வயிற்றறையில் வெண்ணூல் போல் வாழ்ந்து, அவற்றுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. அவற்றின் நுண்ணிய குஞ்சுகள் மாட்டின் குருதியில் உலவும். குருதியுண்ணும் நுளம்பு அவற்றையும் உட்கொள்ளும். நுளம்பினுள் வளர்ந்த குஞ்சு வேறொரு மாட்டைச் சேரின் தனக்குரிய இல்லத்தை அடைகிறது. குதிரையையோ ஆட்டையோ சேரின் வழி தவறி அலைந்து, சிலபோது முண்ணாணைத் துளைக்கிறது. ஒரு சிறு புழு சென்ற தடமே ஒரு பெருங் குதிரையைத் தள்ளாடச் செய்யப் போதுமானது. யானைக்கால் நோயின் புழு நுளம்பினுள் வளர்வதை 1877 இற் சீனத்தின் அமோய் நகரிற் கண்டறிந்த பற்றிக் மான்சனின் உண்மை, குதிரைக் கொட்டிலிலும் பொருந்திற்று என்க.

முன்னர் எழுந்த வினாவிற்கு விடை இதுவே. எம் கரையில் மாடும் எருமையும் பட்டிபட்டியாக உள்ளன. வயலிலும் வடிகாலிலும் நுளம்பு பெருகுகின்றது. வீட்டு முற்றத்தில் வெள்ளாடு நிற்கின்றது. இலங்கை ஆடுகளிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. ஓர் ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு அவ்வாடே. நேற்றுவரை துள்ளிய ஆடு இன்று பின்காலை இழுத்தால், அயலான் அடித்து முறித்தான் என்று வேலியோரத்திற் பூசல் எழுதல் எளிது. உண்மைக் காரணத்தை அறிந்த ஒருவர் அவ்விடத்து இருப்பின், ஆட்டுக்கும் நன்மை, அயலுக்கும் நன்மை.

செய்யத்தக்கன சிலவே. ஆட்டுக் கொட்டிலை மாட்டுப் பட்டியினின்று விலக்கி அமைத்தல். தேங்கிய நீரை வடித்தல். மாலைப்பொழுதிற் புகையிட்டும் வலை கட்டியும் நுளம்பை அகற்றல். முதற்குறி தோன்றிய அன்றே மிருக வைத்தியரை நாடல். மருந்து புழுவைக் கொல்லலாம். அழிந்த நரம்பை மீட்டுத் தருவதில்லை. ஆதலின் காலத்தாழ்வு கூடாது.

மருந்தைப் பற்றிப் பாடிய வள்ளுவர், நோயை அறிந்தபின் அதன் மூலத்தையும் நாடுமாறு பணித்தார். இங்கோ குறி தோன்றுமிடம் கால். நோயுள்ள இடம் முண்ணாண். மூலமோ பக்கத்துப் பட்டியில் நலமாய் அசைபோடும் மாடு. இம்மலரை ஏந்தும் மாணவர், வகுப்பறையிலாயினும் வயலோரத்திலாயினும், குறி தோன்றிய இடத்திலேயே விசாரணையை முடித்துவிடாத பழக்கத்தைக் கைக்கொள்வாராக.