எழுதும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



கடையில் தராசு பிடிப்பவனுக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் எண்ணக்கூடும். அது நியாயமே. ஆயினும் சரக்கைச் சோதித்துப் பார்த்த பின்னரே வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு. கடிதம், அறிவிப்பு, பட்டியல் முதலியவற்றைக் கணினியில் எழுத உதவும் மென்பொருளைச் 'சொற்செயலி' என்பர். அவற்றுள் நமக்கு ஏற்றது எது என்பதை அந்தப் பழக்கத்தின்படியே ஆராய்வோம்.

முதலில் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மரண சகாய நிதியின் கணக்கைக் கவனித்து வந்தேன். உறுப்பினர் ஒருவர் காலமானார். அவருடைய மனைவி உதவித் தொகை கேட்டு வந்தார். கணவர் எத்தனை ஆண்டு சந்தா கட்டினார் என்ற விவரம், முந்தைய செயலாளர் தட்டச்சு செய்து வைத்த கோப்பில் இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை! ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்தன. அந்த அம்மாளோ எதிரே அமர்ந்திருக்கிறார். "பிறகு வாருங்கள்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. எட்டு நாள் கழித்து, ஒரு கல்லூரி மாணவர் அந்தப் பழைய எழுத்துரு இன்னதென்று கண்டுபிடித்து, மாற்றும் கருவியைக் கொண்டு பட்டியலை மீட்டுத் தந்தார். 14 ஆண்டுச் சந்தாவும் அதில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது.

குற்றம் யாருடையது? செயலாளருடையது அன்று, சொற்செயலியுடையதும் அன்று. பழைய தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. எழுத்துருவுக்கு எழுத்துரு ஏற்பாடு வேறுபட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் குப்பையாகிவிடும்.

இக்குறையைப் போக்கியது யூனிகோடு என்னும் முறை. அதன் முதற் பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அதில் 'அ' எழுத்துக்கு 2949, 'க' எழுத்துக்கு 2965 என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. எழுத்துருவை மாற்றினாலும் எண் மாறாது. ஆகவே எந்தச் சொற்செயலியை எடுத்தாலும் யூனிகோடில் எழுதுவதே முதல் விதி.

இரண்டாவது விதி, விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவானது தமிழ்99 முறை. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'க' விசையை இருமுறை தட்டினால் தானே புள்ளி வைத்து 'க்க' என்று வரும். ஆங்கில ஒலிப்படி தட்டுவோருக்கு அஞ்சல் முறை உண்டு. அதனை அமைத்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். இரண்டில் எதுவாயினும் சரி, ஒன்றைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இனி, சொற்செயலிகளுக்கு வருவோம்.

மைக்ரோசாஃப்ட் வேர்டு: இது 1983 முதல் உள்ளது. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் அதிகம் புழங்குவதால், பிறரோடு கோப்பு மாற்றிக்கொள்வோருக்கு வசதி. ஆனால் முழுப் பதிப்புக்கு ஆண்டுச் சந்தாவோ ஒருமுறை விலையோ கொடுக்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

லிப்ரே ஆபீஸ் ரைட்டர்: இது 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது. காசு வேண்டியதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வேர்டு கோப்பையும் திறக்கும்; சில வேளை அட்டவணையோ பக்க அமைப்போ சற்று நகர்ந்துவிடும். இதில் தமிழுக்குரிய எழுத்துருவையும் அளவையும் ஆங்கிலத்துக்குரியவற்றிலிருந்து தனியே அமைக்க வேண்டும். இதை அறியாமல், "எழுத்து பெரிதாகவில்லையே!" என்று நான் இரண்டு நாள் அல்லாடினேன்.

கூகுள் டாக்ஸ்: இணைய உலாவியிலேயே எழுதலாம். தானே சேமித்துக்கொள்ளும். தலைவர் வீட்டிலும் செயலாளர் கடையிலும் இருந்தபடி ஒரே அறிவிப்பைத் திருத்தலாம். பழைய வடிவத்தையும் மீண்டும் பார்க்கலாம். ஆனால் இணையம் இல்லாத இடத்தில் எழுத, முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் வைத்திருந்தால் அவருக்குப் பின் கோப்பின் கதி என்ன என்பதையும் யோசியுங்கள்.

எதைத் தேர்வது? பிறர் சொல் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். ஒரு மாலைப்பொழுது ஒதுக்கி, ஒரே பக்கத்தை மூன்றிலும் எழுதிப் பாருங்கள். அப்பக்கத்தில் ஒரு தலைப்பு, பத்து வரித் தமிழ், பெயரும் தொகையும் கொண்ட ஒரு சிறு அட்டவணை, ஓர் அரபு வரி ஆகியவை இருக்கட்டும். பிறகு கீழ்க்கண்டவற்றைச் சோதியுங்கள்:

1. 'கொ', 'ஸ்ரீ', 'ஹூ' ஆகியவை சிதையாமல் தெரிகின்றனவா?
2. அரபு வரி வலமிருந்து இடமாக ஓடுகிறதா? நிறுத்தக்குறி இடம் மாறாமல் நிற்கிறதா?
3. ஒரு பெயரைத் தேடினால் அகப்படுகிறதா?
4. கோப்பை வேறொரு கணினியில் திறந்தால் அதே பக்கம் வருகிறதா?
5. அச்சிட்டால் அட்டவணைக் கோடுகள் சரியாக விழுகின்றனவா?

ஐந்திலும் தேறி, உங்கள் கைக்கும் பைக்கும் இணங்குவதே உங்களுக்கு ஏற்றது. நான் கடைக் கடிதங்களுக்கு ரைட்டரை வைத்திருக்கிறேன். பலர் சேர்ந்து எழுத வேண்டியதற்கு டாக்ஸ். உங்கள் வேலை வேறானால் உங்கள் முடிவும் வேறாகலாம்.

எதைத் தேர்ந்தாலும், முக்கியமான பட்டியலை மூன்று விதமாக வையுங்கள்: திருத்தக்கூடிய கோப்பு ஒன்று, பிடிஎஃப் ஒன்று, தாளில் அச்சிட்டது ஒன்று. மென்பொருள் நிலையானதன்று. விண்டோஸோடு நெடுங்காலம் இலவசமாக வந்த வேர்டுபேட்கூட, விண்டோஸ் 11-இன் 2024 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது.

நாம் தட்டச்சு செய்வது பிறர் கட்டிய காசின் கணக்கு. நாம் இல்லாத நாளில், நம் நாற்காலியில் அமர்பவர் அதைத் திறந்து படிக்க வேண்டும். இன்னோர் அம்மாளை எட்டு நாள் காக்க வைக்காதிருப்போமாக.